கோதுமை நாட்டில் எல்.எஸ்.டி.யின் தடங்கள்

திங்கள், ரெஜைனா

பிரமைகளை உண்டாக்கும் மருந்தான எல்.எஸ்.டி. என்றவுடன் பலருக்கும் 1960களின் சான்ஃபிரான்சிஸ்கோவும் நீண்ட முடியும் கித்தாரும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, கனடாவின் கோதுமை மாகாணமான சஸ்காச்சுவானில், அரசுச் சம்பளம் வாங்கும் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, குறிப்பெடுத்து, மருத்துவ இதழ்களில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த இடங்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். டொரண்டோவில் மனநல வார்டில் செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றதும் முதலில் வர வேண்டும் என்று நினைத்த இடம் இது. கார் ஓட்டுவதற்குத் தம்பி கூட வந்திருக்கிறான்.

கதை தொடங்குவது சுவிட்சர்லாந்தில். பாசெல் நகரின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார். அது என்ன செய்யும் என்பது 1943 ஏப்ரலில்தான் தெரிந்தது, அதுவும் அவருடைய சொந்த உடலில். 1947இல் சூரிச்சைச் சேர்ந்த வெர்னர் ஸ்டோல் முதல் மனநல ஆய்வை வெளியிட்டார். அதன் பிறகு நிறுவனம் இதை டெலிசிட் என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. கூடவே அனுப்பிய குறிப்பில் ஒரு வியப்பான யோசனை இருந்தது. மனநல மருத்துவர் இதைத் தானே உட்கொண்டு பார்த்தால் நோயாளியின் உலகம் எப்படி இருக்கும் என்பது கொஞ்சம் பிடிபடும் என்றது அது. உலகில் பல மருத்துவர்கள் அந்த வரியைப் படித்திருப்பார்கள். அதை ஒரு மாகாணத்தின் மருத்துவத் திட்டமாகவே எடுத்துக்கொண்டவர்கள் இங்கே இருந்தார்கள்.

ஏன் இங்கே என்பதற்கு மாகாணத் தலைநகரான ரெஜைனாவின் சட்டமன்றக் கட்டடம்தான் விடை. ஏரிக்கரையில் குவிமாடத்தோடு நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு 1944இல் டாமி டக்ளஸ் முதல்வராக வந்தார். வட அமெரிக்காவின் முதல் சோஷலிச அரசு அவருடையது. சுகாதாரத் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். மருத்துவம் பொதுச் சொத்து என்று நம்பிய அந்த அரசு, புதிதாக எதையாவது செய்து பார்க்க விரும்பும் மருத்துவர்களுக்கு இடமும் பணமும் கொடுத்தது. இதே மாகாணத்தின் பண்ணை வீட்டில் பிறந்து, உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு மருத்துவம் படித்த ஏப்ரம் ஹாஃபர் 1950இல் மனநல ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் வேபர்ன் ஊரின் மனநல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

ரெஜைனாவில் வேறு வேலை இல்லை. நாளை வேபர்ன்.

செவ்வாய், வேபர்ன்

தெற்கே இறங்கித் தென்கிழக்கில் திரும்பினால் 115 கிலோமீட்டர் அளவில் வேபர்ன். அறுவடைக் காலம். சாலையின் இருபுறமும் இயந்திரங்கள் எழுப்பும் புழுதி வெயிலில் பொன்னிறமாகத் தொங்குகிறது. வழியில் யெல்லோ கிராஸ் என்ற சிற்றூர் வந்தது. 1937 ஜூலையில் இங்கே பதிவான 45 டிகிரிதான் 2021 வரை கனடாவின் உச்ச வெப்பமாக இருந்ததாம். குளிர்காலத்தில் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகும் அதே ஊர். இந்தச் சமவெளியில் எதற்கும் மறைப்பே இல்லை.

வேபர்ன் மனநல மருத்துவமனை 1921இல் திறக்கப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று என்று பெருமை பேசினார்கள். 1940களின் நடுவில் அதற்குள் 2,500 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2009இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மரங்கள் இருக்கின்றன. வெற்று நிலம் இருக்கிறது.

"அக்கா, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று தம்பி கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் அந்த நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்திருக்கும் என்பது காலுக்குத் தெரிகிறது. நடந்து பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்தவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

தேநீர்க் கடையில் முதிய பெண்மணி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். இளம் வயதில் அந்த மருத்துவமனையில்தான் செவிலியர் பயிற்சி பெற்றாராம். நானும் அதே வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாடை. அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் வைத்தால் வரும் வாடை" என்றார். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆஸ்மண்ட் வந்தபோது இன்சுலின் மயக்கம், மின் அதிர்ச்சி, மூளை அறுவை ஆகியவைதான் மருத்துவத்தின் ஆயுதங்கள். மனச்சிதைவுக்கான மருந்தான குளோர்புரோமசின் இன்னும் வரவில்லை. லண்டனில் சக மருத்துவர் ஜான் ஸ்மைதிஸுடன் சேர்ந்து அவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். பெயோட்டிக் கள்ளியிலிருந்து கிடைக்கும், பிரமைகளை உண்டாக்கும் மெஸ்கலினின் வேதியமைப்பு, நம் உடல் சுரக்கும் அட்ரினலினை ஒத்திருந்தது. மனச்சிதைவு நோயாளியின் உடல், அட்ரினலினைத் தவறாகச் சிதைத்து மெஸ்கலின் போன்ற ஒரு நஞ்சைத் தானே தயாரிக்கிறதோ என்று இருவரும் கேட்டார்கள். அட்ரினலின் சிதையும்போது உண்டாகும் அட்ரினோகுரோம்தான் அந்த நஞ்சு என்று ஹாஃபரும் ஆஸ்மண்டும் வேபர்னில் வாதிட்டார்கள். மற்ற ஆய்வகங்களில் அது நிலைக்கவில்லை. கருதுகோள் விழுந்தது. ஆனால் மனநோய்க்கு மூளை வேதியியலில் காரணம் தேடலாம் என்ற எண்ணம் பெரிதாகப் பேசப்படாத காலத்தில் எழுந்த கேள்வி அது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அதைவிட எனக்கு முக்கியம், அந்தக் கருதுகோள் அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது. மருந்து ஒரு தற்காலிக மனநோயை உண்டாக்குமானால், அதை உட்கொண்டு பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் சில மணி நேரம் நோயாளியின் இடத்தில் இருக்கலாம் அல்லவா? ஆஸ்மண்டும் ஹாஃபரும் உட்கொண்டார்கள். ஊழியர்களில் முன்வந்தவர்களும் உட்கொண்டார்கள். பிறகு சக ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் தாங்கள் கண்டதை ஒப்பிட்டுப் பேசினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, "நோயாளி சொல்வதைப் பதிவு செய், அதற்குள் போகாதே" என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே அதற்குள் போனவர்கள் இருந்திருக்கிறார்கள்.

புதன், வேபர்ன்

நேற்றைய பகுதியைப் படித்த தோழி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மான்ட்ரியலில் நடந்த கொடுமையும் இதுதானே?" இல்லை. மான்ட்ரியலின் ஆலன் மெமோரியல் நிறுவனத்தில் மனநல மருத்துவர் யூவென் கேமரன், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணமும் சேர்ந்து வர, நோயாளிகளை வாரக்கணக்கில் தூங்க வைத்தார். கணக்கில்லாத மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஓயாமல் கேட்க வைத்தார். எல்.எஸ்.டி.யும் அந்தப் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் மருத்துவர் ஹாரிஸ் இஸ்பெல், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகள் சிலருக்கு 77 நாட்கள் தொடர்ந்து கொடுத்தார். அவை மனிதரை உடைக்கும் வேலைகள். வேபர்னில் கொடுத்தவர்கள் தாங்கள் முதலில் உட்கொண்டு பார்த்தவர்கள். அந்த வேறுபாடு எனக்குப் பெரிது.

அதற்காக வேபர்னைக் கோயிலாக்க நான் தயாரில்லை. பூட்டிய வார்டில் இருப்பவர் சொல்லும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. இது எனக்கு வேலையில் தெரிந்த உண்மை. இன்றைய ஒப்புதல் விதிகள் அன்று எங்கும் இல்லை. சிகிச்சை பெற்றவர்களின் குரலோ நமக்கு மருத்துவர்களின் கட்டுரை வழியாகத்தான் அதிகம் கிடைக்கிறது.

சூரிஸ் ஆற்றங்கரையில் டாமி டக்ளஸின் வெண்கலச் சிலை இருக்கிறது. அரசியலுக்கு வருமுன் அவர் இந்த ஊரில் பாப்டிஸ்ட் போதகர். 1933இல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில், மனவளர்ச்சி குன்றியோரைக் கருத்தடைக்கு உட்படுத்தலாம் என்று பரிந்துரைத்தவர். அதிகாரத்துக்கு வந்தபோது அதைச் செய்யவில்லை. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் அப்படியொரு கருத்தடைச் சட்டம் 1972 வரை நடைமுறையில் இருந்தது. சிலைக்கு அருகில் நின்று இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆய்வேட்டை எழுதியவரும் சட்டத்தைத் தொடாதவரும் ஒரே மனிதர்.

1953இல் ஆஸ்மண்டும் ஹாஃபரும் குடிநோய்க்கு இந்த மருந்தைப் பயன்படுத்திப் பார்க்க முடிவு செய்தார்கள். யோசனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. நெடுநாள் குடிகாரர் திடீரென்று குடியை நிறுத்தினால் உடல் நடுங்கும், கண்ணுக்கு முன் பிரமைகள் தோன்றும். சிலர் உயிரையும் இழப்பார்கள். அந்தப் பயங்கரத்தைத் தாண்டி வந்த சிலர் மறுபடி குடிப்பதில்லை. அந்த அனுபவத்தை உயிராபத்து இல்லாமல் மருந்தால் உண்டாக்கினால் என்ன? ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு பேருக்குத் தலா 200 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். ஒருவர் அப்போதே குடியை விட்டார். மற்றவர் ஆறு மாதம் கழித்து விட்டார்.

அவர்கள் எதிர்பார்த்தது பயத்தை. அதன் பிறகு இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் சொன்னதோ வேறு. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்தது போல இருந்தது, மனைவியும் பிள்ளைகளும் பட்டது புரிந்தது, மன்னிப்பு கிடைத்தது போல இருந்தது என்றெல்லாம் சொன்னார்கள். இங்கேதான் நான் அந்த இருவரையும் மதிக்கிறேன். தங்கள் கோட்பாட்டுக்கு ஒத்துவராத பேச்சைப் பிரமை என்று தள்ளாமல், கோட்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். பயமுறுத்துவதை விட்டுவிட்டு, அந்த அனுபவம் நல்லபடியாக அமைய என்ன வேண்டும் என்று தேடினார்கள். இத்தகைய மருந்துகளைக் குறிக்கும் சைக்கடெலிக் என்ற சொல்லையே ஆஸ்மண்ட் 1956இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில்தான் உருவாக்கினார். உலகமெங்கும் போன அந்தச் சொல் புறப்பட்டது இந்தக் கோதுமை ஊரிலிருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே மருத்துவமனையில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் முதிய பெண்கள் வார்டைக் கவனித்தார். புதுப்பித்து, வண்ணம் பூசி, நல்ல நாற்காலிகள் போட்ட வார்டு. நாற்காலிகள் சுவர் ஓரமாக வரிசையாக இருந்தன. பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்து யாருடனும் பேசாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோமர் நடுவில் சின்ன மேசைகளைப் போட்டு நாற்காலிகளைச் சுற்றி வைத்தார். முதலில் ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் பிடிக்கவில்லை. சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இருமடங்கானது. 1958இல் இது வெளியானது. எந்த மருந்தும் இல்லாமல் நாற்காலிகளை நகர்த்தியே சாதித்தது.

வியாழன், சஸ்கட்டூன்

நீண்ட பயணம். பல்கலைக்கழக மருத்துவமனை ஆற்றங்கரையில் நிற்கிறது. இப்போது பலமுறை விரிவாக்கப்பட்டுவிட்டது. 1955இல் திறந்த இந்த மருத்துவமனையில்தான் மனநல மருத்துவர் காலின் ஸ்மித் 24 குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து 1958இல் அறிக்கை வெளியிட்டார். மற்ற சிகிச்சைகளில் பலன் பெறாத கடினமான நோயாளிகள் அவர்கள். பாதிப்பேருக்கு முன்னேற்றம், அதில் ஆறு பேருக்கு நல்ல முன்னேற்றம். யாருக்கும் நிலைமை மோசமாகவில்லை.

சிகிச்சை நடந்த விதம் இப்படி: தனி அறை. இசைத்தட்டு, பூக்கள், நோயாளியின் குடும்பப் படங்கள். காலையில் மருந்து, மாலை வரை ஒருவராவது விடாமல் கூட இருப்பார்கள், பெரும்பாலும் தாங்களும் அதை ஒருமுறை உட்கொண்டவர்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஒரே நோயாளியுடன்! நான் வேலை பார்த்த வார்டுகளில் ஒரு நோயாளிக்குத் தொடர்ச்சியாக அரைமணி கிடைத்தால் பெரிய விஷயம். இந்தப் பத்தியை எழுதும்போதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

டொரண்டோவின் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. ஒப்பீட்டுக் குழு எங்கே, பார்ப்பவரின் ஆர்வம் முடிவைச் சாய்க்காது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தாலிடமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த காலம் வேறு. மருத்துவரின் சொல்லை மட்டும் நம்பும் நிலை முடிந்துவிட்டிருந்தது. அடிமைநோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்மார்ட் குழுவினர் 1966இல் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கு 800 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி., பத்துப் பேருக்கு எபிட்ரின் என்ற ஊக்க மருந்து, பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை என்பது முடிவு.

எண்கள் சரி. ஆனால் அந்த நோயாளிகளைப் படுக்கையோடு வாரால் கட்டி வைத்திருந்தார்கள். சஸ்காச்சுவான் குழு கொதித்துப் போனது. நீங்கள் சோதித்தது எங்கள் சிகிச்சையை அல்ல என்றார்கள். மருந்தின் வலிமையை மட்டும் பிரித்து அளக்க வேண்டுமானால் பூவையும் இசையையும் அன்பையும் அகற்ற வேண்டும் என்பது டொரண்டோவின் தர்க்கம். அவற்றை அகற்றினால் மிஞ்சுவது வேறொரு பொருள் என்பது சஸ்கட்டூனின் பதில். 800 மைக்ரோகிராம் என்பது மிகப் பெரிய அளவு. அதைக் கொடுத்து, கட்டிப் போட்டு, கேள்விகள் கேட்டால் எந்த மனிதருக்கு நல்லது நடக்கும்? கட்டப்பட்ட நோயாளிகளின் கண்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் நான் சஸ்கட்டூன் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் அவர்கள் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பேசியதும் உண்மை. பாதிப்பேர் குணமானார்கள் என்ற கணக்கை ஹாஃபர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நியாசின் வைட்டமின் மனச்சிதைவைத் தீர்க்கும் என்றும் வாழ்நாள் முழுதும் வாதிட்டார். இந்த உரத்த குரல் நல்ல வேலைக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. மருந்து தெருவுக்கு வந்தது, செய்தித்தாள்கள் அலறின, சாண்டோஸ் விநியோகத்தை நிறுத்தியது, 1960களின் முடிவில் கனடாவும் தடை செய்தது.

2012இல் நார்வேயின் டெரி கிரெப்ஸும் போல்-ஓர்யன் யோகான்சனும் அக்காலத்தின் ஆறு ஒப்பீட்டுச் சோதனைகளை ஒன்றாக எடுத்துக் கணக்கிட்டார்கள். மொத்தம் 536 பேர். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதமும் மற்றவர்களில் 38 சதவீதமும் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். ஒரே ஒரு வேளை மருந்துக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. ஓராண்டு ஆனபோது அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். நியூயார்க் ஆய்வாளர்கள் காளான் மருந்தான சைலோசைபினைக் கொண்டு 93 குடிநோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், அதிகமாகக் குடித்த நாட்கள் ஒப்பீட்டுக் குழுவில் 23.6 சதவீதம், மருந்து பெற்றவர்களிடம் 9.7 சதவீதம். ஆனால் யாருக்கு எது கிடைத்தது என்பதை ஏறக்குறைய எல்லோரும் சரியாக ஊகித்துவிட்டார்கள். சஸ்கட்டூனுக்கும் டொரண்டோவுக்கும் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெள்ளி, பேட்டில்ஃபோர்ட்

வடமேற்கே 140 கிலோமீட்டர். பேட்டில்ஃபோர்ட் கோட்டையில் 1885 நவம்பரில் பூர்வகுடி மக்கள் எட்டுப் பேரை ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். கனடாவில் நடந்த மிகப் பெரிய கூட்டுத் தூக்கு அது. தம்பி அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தான்.

இந்தப் பகுதிக்கு ஆஸ்மண்ட், ஹாஃபர், உளவியலாளர் டங்கன் புளூவெட் முதலியோர் 1956 அக்டோபர் 6 அன்று வந்தார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையினர் பெயோட்டி உட்கொண்டு இரவு முழுதும் நடத்தும் வழிபாட்டுக்கு அழைப்பு. அதை நடத்தி வைக்க அச்சபையின் தலைவர் ஃபிராங்க் டேக்ஸ் கன் வந்திருந்தார். அழைப்புக்குக் காரணம் இருந்தது. அரசு பெயோட்டியைத் தடை செய்ய யோசித்துக்கொண்டிருந்தது. செய்தித்தாள்கள் அதைப் போதை என்று எழுதின. விஞ்ஞானிகள் நேரில் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர்கள் கூப்பிட்டார்கள். ஆஸ்மண்ட் பெயோட்டி உட்கொண்டு, கூடாரத்துக்குள் நெருப்பைச் சுற்றி மற்றவர்களோடு உட்கார்ந்தார். மற்ற விஞ்ஞானிகள் பார்வையாளர்களாக இருந்தார்கள். முரசு, பாட்டு, பிரார்த்தனை, விடியற்காலையில் பகிர்ந்துண்ணும் உணவு.

அவர்கள் அங்கே கண்டது ஒழுங்கான வழிபாட்டை. குடியை விட்டவர்களின் சமூகத்தை. இசை, வழிநடத்தும் ஒருவர், கூட இருக்கும் மனிதர்கள் என்று சஸ்கட்டூனில் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்த எல்லாமே இங்கே ஏற்கெனவே இருந்தன. அந்த இரவைப் பற்றி ஹாஃபரின் சகோதரியும் பத்திரிகையாளருமான ஃபேனி கான் தொகுத்ததற்கு அன்று பதிப்பாளர் கிடைக்கவில்லை, 2016இல்தான் அச்சேறியது. கனடாவின் சட்டம் இன்றும் மெஸ்கலினைத் தடை செய்கிறது, பெயோட்டியை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இப்போது சைக்கடெலிக் மருந்துகளுக்குக் காப்புரிமை தேடி நிறுவனங்கள் ஓடுகின்றன. அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை யாராவது கேட்டார்களா என்று எனக்குக் கோபம் வருகிறது.

சனி, யார்க்டன்

நாள் பாதி சாலையிலேயே கழிந்தது. உக்ரேனியக் குடியேறிகள் கட்டிய புனித மேரி ஆலயத்தின் ஓவியக் குவிமாடத்தைத் தம்பி விரும்பியதற்காக முதலில் பார்த்தோம். பிறகு நான் வந்த வேலை.

கியோஷி இசுமி ரெஜைனாவில் தொழில் செய்த கட்டடக் கலைஞர். மனநல மருத்துவமனைகளைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு வந்தபோது, ஆஸ்மண்டின் துணையோடு எல்.எஸ்.டி. உட்கொண்டு வார்டுகளைப் போய்ப் பார்த்தார். ஒரு கட்டடத்தை வடிவமைக்க இப்படி ஒரு துணிச்சலை வேறு யாரும் அதற்கு முன் காட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. அவர் கண்டவை இவை: கதவில்லாத அலமாரிகள் இருட்டுக் குகைகளாக வாய் திறந்து நின்றன. உட்கார்ந்தால் தரையில் கால் எட்டாத உயரமான கட்டில்கள் மனிதரைச் சிறுத்துப்போக வைத்தன. பளபளக்கும் ஓடுகள் கண்ணை ஏமாற்றின. நீண்ட தாழ்வாரங்கள் முடிவில்லாமல் நீண்டன. கடிகாரமோ நாட்காட்டியோ இல்லாததால் காலம் எங்கோ நழுவிப் போனது. தனியாக இருக்க ஓர் இடமும் இல்லை.

ஆஸ்மண்ட் விரும்பியது, தனியறைகள் ஒரு பொது இடத்தைச் சூழ்ந்த வட்டக் கட்டடத்தை. மனிதர்களை ஒதுக்காமல், ஆனால் நெருக்கித் தள்ளாமலும் ஒன்றுசேர்க்கும் அமைப்பு. இசுமி அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, 1960களில் யார்க்டனில் சிறு சிறு பிரிவுகளாக ஒரு மனநல மையத்தைக் கட்டினார். நீண்ட தாழ்வாரம் இல்லை, ஆளுக்கொரு அறை உண்டு.

ஒரு மணி நேரம் வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தோம். நோயாளிகள் இருக்கும் இடத்தை வேடிக்கை பார்ப்பது முறையல்ல என்பதால் அருகே போகவில்லை, படம் எடுக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் கடிகாரம் கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை. உடைத்து ஆயுதமாக்கிவிடுவார்கள் என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். நோயாளிகள் நாள் முழுதும் எங்களிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வார்டைப் புதுப்பிக்க இப்போது குழு அமைத்திருக்கிறார்கள் என்று பழைய தோழி சொன்னார். இசுமியின் பட்டியலைக் கட்டில் உயரத்திலிருந்து அலமாரிக் கதவு வரை இன்றிரவே விடுதி அறையில் தட்டச்சு செய்து அந்தக் குழுவுக்கு அனுப்புகிறேன். கடிகாரத்தை முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.